முன்பாரமும் பின்பாரமும்

வண்டியைச் சார்ந்த தமிழ்ச் சொற்கள் பல இன்று அகராதியில் மட்டுமே வாழ்கின்றன. ஏர்க்கால், நுகம், பூட்டாங்கயிறு, கடையாணி, முன்பாரம், பின்பாரம் என்று அடுக்கிச் சொன்னால் நம் மாணவர்கள் திகைத்துப் பார்ப்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மாட்டு வண்டியையே கண்டிராத குழந்தைகள் அவர்கள். ஆயினும் இச்சொற்களுள் கடைசி இரண்டும், முன்பாரமும் பின்பாரமும், மோட்டார் ஓடும் இக்காலத்திலும் உயிர் காக்கும் சொற்களாக இருக்கின்றன. ஓர் எளிய பொருளைக் கொண்டு அதனை விளக்க விரும்புகிறேன். அப்பொருள், காருக்குப் பின்னே இழுத்துச் செல்லப்படும் கேரவன் வண்டியில் சைக்கிள்களை ஏற்றுவதற்குரிய தாங்கி.

கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் பிரிஞ்சாங்கிற்கு வார இறுதி நாள்களில் சைக்கிள்களைச் சுமந்த கார்கள் வருவதுண்டு. தாப்பாவிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் மிதித்தே ஏறி வருவோர் ஒரு சாரார். சைக்கிளைக் காரில் ஏற்றி வந்து தேயிலைச் சரிவுகளுக்கிடையே மிதித்து மகிழ்வோர் மற்றொரு சாரார். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயமும் சில ஆண்டுகளில் இம்மலையேறி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்நாட்டில் சைக்கிள்தான் சுமக்கும். ரொட்டிக்காரரின் பெட்டியும் பால்மரத் தோட்டத்து வாளியும் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் அதன் மேலேயே சென்றன. இன்று அதனைச் சுமப்பதற்கு ஒரு தாங்கி வேண்டியிருக்கிறது!

கேரவன் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியன அமைந்த சக்கர வீடு. அதற்கு எந்திரம் இல்லை; கார் இழுத்துச் செல்லும். மலேசியாவில் இத்தகைய வண்டிகள் குறைவு. ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் அவை மிகுதி. அங்குக் குடியேறிய நம்மவர்கள் விடுமுறைக்கு ஒன்றை வாடகைக்கு எடுக்கும்போது, பிள்ளைகளின் சைக்கிள்களை எங்கே மாட்டுவது என்ற கேள்வி எழுகிறது. கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் கேட்பது, “எத்தனை சைக்கிள் தாங்கும்? என்ன விலை?” என்பதே. முதலில் கேட்க வேண்டியது அதுவன்று. “பாரம் எங்கே விழும்?” என்பதே முதற் கேள்வி. இதனை நம் வண்டிக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இரட்டை மாட்டு வண்டி ஓர் அச்சின் மேல் நிற்பது. அச்சுக்கு முன்னால் மூட்டைகள் மிகுந்தால் நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் மிகுந்தால் ஏர்க்கால் மேலே கிளம்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், அது பின்பாரம். தேர்ந்த வண்டிக்காரர் சுமையை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். சிறிதளவு முன்பாரம் இருக்குமாறு மூட்டைகளை நகர்த்திய பின்னரே மாடுகளைப் பூட்டுவார். இவ்வறிவு அவருக்குப் புத்தகத்தால் வந்ததன்று.

கேரவனும் பெரும்பாலும் ஓர் அச்சு வண்டியே. இரண்டு அச்சுகள் உள்ளவற்றிலும் அவை நடுவே நெருங்கி அமைந்திருப்பதால் நிலை ஏறத்தாழ ஒன்றுதான். காரின் பின்னுள்ள உருண்டைக் கொக்கியே அதன் நுகம். முன்னே நீண்டிருக்கும் இரும்புச் சட்டம் ஏர்க்கால். அந்தக் கொக்கியின் மேல் அழுத்தும் எடையை நுகப்பாரம் என்று கூறலாம். அமெரிக்காவில் அது வண்டியின் மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு வரை இருத்தல் வேண்டும் என்பர்; பிரிட்டனில் 5 முதல் 7 பங்கு என்பர். வண்டிகளின் அமைப்பும் ஓட்டும் வேகமும் வேறுபடுவதால் அளவு வேறுபடுகிறது. ஆனால் முன்பாரம் இருந்தே தீர வேண்டும் என்பதில் இரு நாட்டாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இனி ஒரு கணக்குப் போடுவோம். மேல் வகுப்பு மாணவர்களுக்கு நெம்புகோல் கற்பிக்கும்போது கரும்பலகையில் இதனை எழுதிக் காட்டலாம். கேரவனின் எடை 1,000 கிலோ. நுகப்பாரம் 100 கிலோ. நுகத்திலிருந்து அச்சு 4 மீட்டர் பின்னே உள்ளது எனக் கொள்வோம். அச்சுக்கு 3 மீட்டர் பின்னால், வண்டியின் கடைக்கோடியில், ஒரு தாங்கியை மாட்டுகிறோம். மின்சாரச் சைக்கிள் இரண்டு, ஒவ்வொன்றும் 22 கிலோ. தாங்கி 16 கிலோ. ஆக 60 கிலோ. அச்சே இங்கு நெம்புகோலின் ஊன்றுநிலை. 60ஐ 3ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 45 வரும். நுகப்பாரம் 45 கிலோ குறைந்து 55 ஆகிவிடுகிறது. 1,060 கிலோ வண்டிக்கு இது 100க்கு ஏறக்குறைய 5 பங்கே. அமெரிக்க அளவிற்கு இது பாதி. பிரிட்டிஷ் அளவிற்கோ விளிம்பு.

கணக்கு அத்துடன் முடியவில்லை. நுகத்திலிருந்து நீங்கிய 45 கிலோ எங்கே போயிற்று? அச்சின் மேல் ஏறிற்று. ஆகவே அச்சு கூடுதலாகச் சுமப்பது 60 கிலோ அன்று, 105 கிலோ. டயர்களின் தாங்குதிறனை முன்னரே எட்டிவிட்ட வண்டிக்கு இது சிறிய செய்தியன்று. “இரண்டு சைக்கிள்தானே!” என்று எண்ணுவோர் இந்த 105ஐ நினைவிற் கொள்ளுதல் நன்று.

பின்பாரம் கூடினால் என்ன நேரும்? மாடானால் கழுத்து இறுகி நின்றுவிடும். கார் நிற்பதில்லை. பெரிய லோரி ஒன்று பக்கத்தில் விரைந்து கடக்கும்போது காற்று கேரவனைத் தள்ளும். அதன் வால் இப்புறமும் அப்புறமும் ஆடும். முன்பாரம் போதுமானதாயின் ஆட்டம் தானே அடங்கும். போதாதெனின், குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். முடிவில் வால் காரையும் திருப்பிவிடும். மலையிறக்கத்தில் வண்டியே காரைத் தள்ளுவதால் ஆபத்து இன்னும் மிகுதி. ஆடத் தொடங்கினால் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்து வேகத்தைத் தானே குறைய விடுதல் வேண்டும். திடீரென்று பிரேக்கை மிதிப்பதும் சுக்கானை எதிர்ப்புறம் ஒடிப்பதும் ஆட்டத்தைக் கூட்டும்.

இவ்விடத்திற் சிலர் ஒரு சமாதானம் கூறுவர். பின்னே 60 கிலோ ஏறினால் முன்னேயும் அதற்கேற்ப ஒரு பாரத்தை வைத்துச் சமப்படுத்தலாமே என்பதே அது. நுகப்பாரம் சரியாகும், உண்மைதான். ஆனால் காவடித் தண்டின் இரு முனையிலும் பாரத்தைக் கட்டித் தோளிற் சுழற்றிப் பாருங்கள். பின் அதே பாரத்தைத் தோளருகே கொணர்ந்து சுழற்றுங்கள். எடை ஒன்றே, முன்னதைச் சுழற்றிய பின் நிறுத்துவது எவ்வளவு அரிது! இரு கோடியிலும் பாரமேறிய கேரவனும் அத்தகையதே. எனவே கனமான பொருள் எதுவும் அச்சருகே, தாழ்வாக இருத்தல் நலம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உமணர்களின் உப்பு வண்டியைக் கூறும் ஔவையார், மேடு பள்ளங்களுக்கு அஞ்சி அவர்கள் வண்டியின் கீழ்மரத்திலே சேம அச்சைக் கட்டிச் சென்றதைக் குறிப்பிடுகிறார். வண்டியின் அடியில், தாழ்வான இடத்திற் கட்டினர் என்பதை நாம் பாடம் நடத்தும்போது விரைந்து கடந்துவிடுகிறோம். இன்றைய கேரவன்களிலோ சேமச் சக்கரத்தைப் பின்புறத்தில் மாட்டிவிடுகிறார்கள் பலர். சைக்கிள் தாங்கியும் அங்கேயே வந்து அதனோடு சேர்ந்துகொள்கிறது.

இந்நோக்கில் தாங்கிகளை ஆராய்வோம். அமெரிக்கக் கேரவன்களின் பின்னே சதுரக் குழாய் போன்ற ஒரு பம்பர் இருக்கும். பார்வைக்கு வலிமையானது, உண்மையில் மெல்லிய தகட்டாலான உள்ளீடற்ற குழாய். கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைப்பதற்கே பலர் அதனைப் பயன்படுத்துவர். இதிலே தாங்கியைப் பிணைத்தால், ஒவ்வொரு குழியிலும் வண்டியின் வால் துள்ளும்போது பம்பர் முறுக்கப்படும். நாளடைவிற் பற்றவைத்த இடம் விட்டுவிடும். காரின் பின்னே மாட்டுவதற்கென்று செய்த தாங்கியைக் கேரவனின் பின்னே மாட்டுவதும் தவறு. அச்சிலிருந்து தொலைவிலுள்ள முனை காரின் பின்புறத்தைவிட வன்மையாகத் துள்ளும். இதனால், கேரவனுக்கு ஆகாது என்று தயாரிப்பாளர்கள் பலர் தம் கையேட்டிலேயே எழுதிவிடுகின்றனர். அவ்வரியைத் தேடிப் படியாமல் பணத்தைக் கொடுத்தலாகாது. பின்புறமேதான் வேண்டும் என்பவர், அடிச்சட்டத்தின் இரு நீள இரும்புகளோடும் சேர்த்துப் பற்றவைத்த கொளுவியில், கேரவனுக்கென்றே அனுமதிக்கப்பட்ட தாங்கியை மாட்டுவாராக. அப்போதும் மேற்காட்டிய கணக்கு மாறாது.

ஐரோப்பிய வண்டிகளிற் பின்சுவரிலேயே தாங்கியைத் திருகுவதுண்டு. சுவர் மெல்லியது, உள்ளே வலுவூட்டிய இடங்களிலே மட்டும் திருகல் வேண்டும். கூரை மேல் ஏற்றுவது பற்றி நீளப் பேச வேண்டியதில்லை: ஏணி வைத்து 20 கிலோவைத் தலைக்கு மேலே தூக்குவதும், வண்டியின் எடைமையத்தை உயர்த்துவதும் அறிவுடைமை ஆகா.

ஏர்க்காலின் மேல் பொருத்தும் தாங்கி நல்லதொரு வகை. அதே 60 கிலோவை அச்சுக்கு 3 மீட்டர் முன்னே வைத்தால் நுகப்பாரம் 45 கூடி 145 ஆகும். அச்சுக்குக் கூடுவது 15 மட்டுமே. ஆட்டத்திற்கு இது பகை. ஆனால் சிறிய கார்களின் கொக்கி 75 அல்லது 100 கிலோவிற்கு மேல் தாங்காதென அவற்றின் கையேடுகள் கூறும். அவ்வெல்லையை மீறினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். எனவே உள்ளேயுள்ள உணவுப் பெட்டி, தண்ணீர்க் குடம் முதலியவற்றை அச்சை நோக்கி நகர்த்தி அளவைச் சரிசெய்தல் வேண்டும். இன்னுமொன்று: எங்கள் மலைச்சாலையின் கொண்டையூசி வளைவுகளைப் போன்ற இடங்களிற் காரும் கேரவனும் மடங்கும்போது, ஏர்க்கால் மேலுள்ள சைக்கிளின் கைப்பிடி காரின் பின் கண்ணாடியை இடித்துவிடக்கூடும். விசாலமான திடலில் சுக்கானை முழுதும் ஒடித்து மெல்ல ஓட்டி, இரு புறமும் ஒருவர் நின்று பார்த்த பிறகே சாலைக்கு வரல் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்றுண்டு. அதற்குத் தாங்கியே வேண்டா. சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய கம்பளியாற் சுற்றி, கேரவனுக்குள்ளே அச்சுக்கு நேர் மேலே தரையிற் கிடத்திக் கட்டிவிடலாம். நுகப்பாரம் 100ஆகவே இருக்கும். தரை அழுக்காகும் என்பர் வீட்டுப் பெண்மணிகள். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

தாங்கியின் உருவம் இரண்டாவதாகவே கருதத் தக்கது. சட்டத்தின் மேற்குழாயைப் பிடித்துத் தொங்கவிடும் வகை மலிவானது. ஆனால் சைக்கிள்கள் ஊசலாடி ஒன்றையொன்று உரசும். மேற்குழாய் தாழ்ந்த பெண்கள் சைக்கிளையும் சிறுவர் சைக்கிளையும் அதில் மாட்டுவது கடினம். கார்பன் இழையாலான சட்டத்தை இறுக்கிப் பிடித்தால் விரிசல் விழும். சக்கரங்கள் இரண்டையும் தட்டிலே நிறுத்திக் கட்டும் வகையே மேலானது. மின்சாரச் சைக்கிளாயின் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் 2 அல்லது 3 கிலோ குறையும், மழையிலும் நனையாது. சைக்கிளைத் தார்ப்பாயாற் போர்த்துவது வேண்டா. அது பாய்மரம்போற் காற்றைப் பிடிக்கும். பின்னே மாட்டிய சைக்கிள் எண் தகட்டையோ விளக்குகளையோ மறைத்தல் கூடாது. பிற்பகலிலேயே மூடுபனி இறங்கும் எங்கள் ஊரில், முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு ஒன்றே பின்வருபவனுக்கு வழிகாட்டி. மறைந்தால் விளக்குப் பலகை ஒன்றைத் தாங்கியின் வெளிப்புறத்தில் மாட்டுதல் கடமை.

நுகப்பாரத்தை அறிவதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. சமதரையிற் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, வீட்டில் ஆள் நிறுக்கும் தராசை நுகத்தின் நேர் கீழே வைக்க வேண்டும். காரின் கொக்கி எவ்வளவு உயரமோ அவ்வுயரம் வருமாறு ஒரு கட்டையை அறுத்துத் தராசின் மேல் நிறுத்தி, நுகத்தை அதன் மேல் இறக்கினால் எடை தெரியும். தராசின் எல்லை 150 கிலோவானால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். சைக்கிள் ஏற்றுமுன் ஒரு முறையும், ஏற்றிய பின் ஒரு முறையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பள்ளியில் இதனையே ஒரு பலகை, இரண்டு உருளை, சில மணற்பைகள், சமையலறைத் தராசு ஆகியவற்றைக் கொண்டு செய்து காட்டலாம். மணற்பையை அச்சுக்கு முன்னும் பின்னும் நகர்த்தும்போது தராசின் முள் ஏறி இறங்குவதைப் பார்க்கும் மாணவனிடம், “இது முன்பாரம், இது பின்பாரம்” என்று கூறுங்கள். சொல்லுக்குப் பொருள் எழுதிப் போட வேண்டிய தேவை இராது.

சாலையில் இறங்கிய பின், முதல் 10 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்திப் பட்டைகளையும் திருகுகளையும் கையால் அசைத்துப் பார்த்தல் வேண்டும். புதிய பட்டைகள் முதற் குலுக்கலிலேயே சிறிது தளரும். மறுபடி இறுக்கிய பின் மதிய உணவிற்கு நிறுத்தும்போது இன்னொரு முறை பார்த்தாற் போதும்.