வைஃபைக்குச் சுவர் கிடையாது



2021ஆம் ஆண்டு. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பாடமெல்லாம் போனில்தான். பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பெற்றோரோடு காட்டு வழியே மலையேறினார்கள். அங்கே மரத்தின் மேல், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் இருந்த குடிலில்தான் சிக்னல் கிடைத்தது. போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவர்களும் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் கரடுமுரடான பாதையில் நடந்து மலையுச்சிக்குப் போய்ப் படித்தார்கள்.

இன்று பசறை, நமுனுகுலை, அப்புத்தளை என்று ஊவாத் தோட்டங்களில் பல வீடுகளுக்கு உள்ளேயே ரவுட்டர் வந்துவிட்டது. கொழுந்தெடுத்த சம்பளத்தில் அம்மா கட்டும் இணையம் அது. அதைக் காப்பாற்றிக்கொள்ள நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அலை சுவரோடு நிற்காதா?

லயத்தில் ஒரே சுவர்தான் இரண்டு காம்பராக்களுக்கும். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். வைஃபை அலையும் அப்படியே கடந்து போகும்.

ரவுட்டர் வீசுவது வானொலி அலை. பெரும்பாலான ரவுட்டர்களில் அது வினாடிக்கு 240 கோடித் தடவை அதிர்கிறது. இதைத்தான் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்கிறோம். அலை ஒரு வினாடியில் ஓடும் தூரம் 30 கோடி மீற்றர். 30 கோடியை 240 கோடியால் வகுத்துப் பாருங்கள். 0.125 மீற்றர் வரும். அதாவது ஓர் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர். செங்கல்லும் சீமெந்தும் இந்த அலையின் சக்தியில் ஒரு பங்கை உறிஞ்சும். மீதி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கூரைத் தகரம் உலோகம் என்பதால் அலையைத் திருப்பி அனுப்பும். ஆனால் சுவரும் ஜன்னலும் இஸ்தோப்பும் திறந்த வழிதானே! சில ரவுட்டர்கள் வீசும் 5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்ரிமீற்றர். அது சுவரைக் கடக்கும்போது கூடுதலாகத் தேய்ந்துபோகும். ஆனாலும் முழுவதும் நின்றுவிடாது.

ஆகவே அலையைத் தடுக்க முடியாது. அதற்குள் நுழையும் உரிமையைத்தான் காக்க முடியும். அந்தக் காவல் வேலையைச் செய்வது பாஸ்வேர்ட்.

யாராவது பாவித்தால் என்ன குறை?

முதலாவது, டேட்டா. மாதத்துக்கு இத்தனை ஜீபி என்று அளந்துதான் பல பெக்கேஜ்கள் வருகின்றன. அடுத்த காம்பராவில் யாரோ இரவு முழுவதும் படம் பார்த்தால், மாதம் முடியுமுன் உங்கள் டேட்டா முடிந்துவிடும். இரண்டாவது, வேகம். ஒரே இணைப்பைப் பத்துப் போன்கள் இழுத்தால் உங்கள் பாடம் சுற்றிக்கொண்டே நிற்கும். மூன்றாவதுதான் பெரியது. உங்கள் ரவுட்டர் வழியாக யார் எதைச் செய்தாலும், அது உங்கள் வீட்டிலிருந்து செய்யப்பட்டதாகவே வெளியே தெரியும். ஒருவர் தவறான வேலை செய்தால், முதல் கேள்வி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும்.

எண்கள் காக்கும் கதை

பாஸ்வேர்ட் காற்றில் பறப்பதே இல்லை. டபிள்யூ.பி.ஏ.2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், உங்கள் பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 தடவை கணக்குப் போட்டு ஒரு சாவி எண் உருவாகிறது. போனும் ரவுட்டரும் தம்மிடம் ஒரே சாவி இருக்கிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்கின்றன. திருட நினைப்பவர் அந்தச் சோதனையைப் பதிவு செய்து, பிறகு தம் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஊகித்துப் பார்க்கலாம். அந்தக் கணினி வினாடிக்கு 10 இலட்சம் ஊகம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பிறந்த திகதியைப் பாஸ்வேர்டாக வைத்தால்? நூறு ஆண்டுகளில் உள்ள நாட்களே ஏறக்குறைய 36,500தான். ஒரு வினாடிகூட ஆகாது.

ஏதாவது எட்டு இலக்கங்கள் வைத்தால்? மொத்தம் 10 கோடி. 100 வினாடியில் முடிந்தது.

2,000 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கு சொற்களை எடுத்து அடுக்கினால்? 2,000ஐ நான்கு தடவை பெருக்குங்கள். 16 இலட்சம் கோடி! எல்லாவற்றையும் பார்க்க ஏறக்குறைய ஆறு மாதம். ஐந்தாவது சொல் ஒன்றைச் சேருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஒரே ஒரு சொல் செய்த வேலையைப் பார்த்தீர்களா? பாஸ்வேர்டின் பலம் நீளத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதி வைக்கலாம். ஆனால் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்களாக இருக்க வேண்டும். பாட்டின் வரியோ, வீட்டாரின் பெயர்களோ கூடாது.

எட்டு இலக்கம் எப்படிச் சுருங்கியது?

சில ரவுட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி உண்டு. பாஸ்வேர்ட் இல்லாமலே எட்டு இலக்க எண்ணால் இணையலாம். 10 கோடி வாய்ப்பு இருக்கிறதே, பயமில்லை என்றுதான் எண்ணினார்கள். 2011இல் ஸ்டெஃபான் வீபொக் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். முதல் நான்கு இலக்கங்கள் சரியா, தவறா என்பதை ரவுட்டர் தனியாகவே காட்டிக்கொடுத்தது. அதற்கு 10,000 ஊகம் போதும். அடுத்த நான்கில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே மூன்று இலக்கங்களுக்கு 1,000 ஊகம். கூட்டினால் 11,000! 10 கோடி எங்கே, 11,000 எங்கே? அதனால்தான் இந்த வசதியை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள்.

வீட்டில் செய்யுங்கள்

பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து இவற்றைச் செய்யுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில், அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போகும் முகவரி இருக்கும். உள்ளே போனதும், இப்போது இணைந்துள்ள போன்களின் பட்டியலைப் பாருங்கள். வீட்டில் உள்ளவற்றை எண்ணி ஒப்பிடுங்கள். தெரியாத ஒன்று இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழையதை அறிந்த எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அமைப்புப் பக்கத்துக்கென்று தனிப் பாஸ்வேர்ட் உண்டு. அதையும் மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய முறையின் பலவீனத்தை 2001இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். அது வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் செய்துவிட்டு, விளையாட்டு மைதானத்தில் ஒரு நண்பனிடம் பாஸ்வேர்டைச் சொன்னால் என்ன ஆகும்? மாலைக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிடும். ஐந்து சொல்லானாலும் ஐம்பது சொல்லானாலும், வாயால் சொல்லிவிட்டால் கணக்கு உதவாது.

அப்படியென்றால் யாருக்கும் கொடுக்கவே கூடாதா? லயத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கித்தான் வாழ்கிறோம். பக்கத்துக் காம்பரா அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சை என்றால், உதவத்தான் வேண்டும். அதற்குப் பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனி வழி உண்டு. அதற்குத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வைக்கலாம். தேவை முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

கேட்காமல் அடுத்தவர் இணைப்புக்குள் நுழைவதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அனுமதியின்றி நுழைவது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். இணையம் தேவையென்றால் வாய்திறந்து கேளுங்கள். உங்களிடம் ஒருவர் கேட்டால், வீட்டுப் பெரியவர்களின் சம்மதத்தோடு விருந்தினர் வழியைத் திறந்துவிடுங்கள்.