மரபணு சுமந்த வைரஸ்

நோயெதிர்ப்பு ஆற்றல் இன்றியே பிறக்கும் குழந்தைகள் உண்டு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதுபட்டால், டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் உருவாவதில்லை. நமக்கு மூன்று நாளில் தீரும் சளிக்காய்ச்சல், அக்குழந்தைகளின் உயிரையே பறித்துவிடக்கூடும்.

இவர்களுக்காக 1999இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் அலன் ஃபிஷர் குழுவினர் புதுவழி ஒன்றை முயன்றனர். குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை எடுத்து, பழுதற்ற மரபணுவை அவற்றுள் புகுத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்தினர். அம்மரபணுவைச் சுமந்து சென்ற ஊர்தி ஒரு ரெட்ரோ வைரஸ். செல்லின் குரோமோசோமுக்குள் தன் மரபுச்செய்தியை நிலையாகப் பதித்துவிடுவது அதன் இயல்பு. பெருகும் ஆற்றலை அகற்றிவிட்டு, அவ்வியல்பை மட்டும் பயன்படுத்திக்கொண்டனர். எலிகளுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸிலிருந்தே இவ்வூர்தி உருவாக்கப்பட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்க.

சிகிச்சை பயன் தந்தது. கிருமி நீக்கிய அறைகளில் அடைபட்டிருந்த குழந்தைகள் வீடு திரும்பினர். ஆனால் 2002இல், அவர்களுள் ஒரு குழந்தையின் டி செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கின. அது இரத்தப் புற்றுநோய்.

காரணம் என்ன? வைரஸ் எந்த இடத்தில் பதிய வேண்டும் என்பதை மருத்துவரால் தீர்மானிக்க இயலாது. செல்பெருக்கத்தைத் தூண்டவல்ல எல்.எம்.ஓ.2 என்னும் மரபணுவுக்கு அருகில் அது பதிந்திருந்தது. மரபணுவை இயங்கச் செய்யும் ஊக்கிப் பகுதியும் வைரஸிடம் உண்டு. ஒரு பாத்திக்குத் திறந்த மடைநீர் வரப்பை மீறி அடுத்த பாத்தியிலும் பாய்வதுபோல, அவ்வூக்கி அண்டை மரபணுவையும் முடுக்கிவிட்டது. நோய் தீர்த்த அதே பண்பே நோய் தந்தது. பாரிஸிலும் லண்டனிலும் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளுள் ஐவருக்குச் சில ஆண்டுகளுக்குள் இப்புற்றுநோய் கண்டது. ஒரு குழந்தை இறந்தது. நால்வர் மருந்துகளால் மீண்டனர்.

எனினும், சிகிச்சையே வேண்டாம் என்று ஒதுக்குவது எளிதன்று. மாற்றுவழி இல்லாத குழந்தைக்கு அது சாவையே விதிப்பதாகும். ஆகவே அறிவியலார் ஊர்தியைத் திருத்தினர். ஊக்கிப் பகுதி நீக்கப்பட்ட வைரஸைக் கொண்டு சிகிச்சை பெற்ற ஒன்பது சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது. அதுவரை அவர்களுள் எவருக்கும் இரத்தப் புற்றுநோய் தோன்றவில்லை.

ஆயினும் சிக்கல் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. மூளையைத் தாக்கும் வேறொரு மரபுநோய்க்கு, லென்டி வைரஸ் என்னும் மற்றொரு வகை ஊர்தியால் சிகிச்சை பெற்ற 67 பேருள் எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாக 2024இல் அறியவந்தது. குரோமோசோமில் பதியும் ஊர்திகளால் சிகிச்சை பெற்றோரை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவுறுத்துகிறது.