முதல் வரியில் ஆசையை எழுதலாமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். “நம்ம கட் ஆஃபுக்குக் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் எங்கே கிடைக்கப் போகுது? அதைப் போய் முதல் சாய்ஸா போட்டு, கிடைக்கிறதும் கை நழுவிப் போயிட்டா?” பக்கத்து வீட்டு அண்ணன், பிரவுசிங் சென்டர்காரர், வாட்ஸாப் குழு என எல்லோரிடமும் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. “கிடைக்கிற காலேஜை மேலே போடு, ஆசைப்பட்டதைக் கீழே போடு” என்பதே பெரும்பாலும் அந்தப் பதில். பொறியியல் கலந்தாய்வைப் பொறுத்தவரை அது முழுத் தவறு. ஏன் தவறு என்பதற்கான விடையின் அடித்தளம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது.

1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஏழு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். கல்லூரிச் சேர்க்கையும் திருமணங்களின் நிலைத்தன்மையும்தான் அதன் பொருள். கணித இதழில் வந்த கட்டுரை. ஆனால் அதைப் படிக்கக் கணிதக் குறியீடு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: மாணவர்களுக்குக் கல்லூரிகளில் விருப்ப வரிசை உண்டு, கல்லூரிகளுக்கு மாணவர்களில் தகுதி வரிசை உண்டு. “நான் விரும்பிய கல்லூரி என்னைவிடக் குறைந்த தகுதி உள்ளவருக்கு இடம் கொடுத்துவிட்டதே” என்று யாரும் சொல்ல முடியாதபடி எல்லோரையும் பிரித்து அமர்த்த வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறார். கல்லூரி, வந்தவர்களில் மேலானவர்களை இடங்கள் நிரம்பும் வரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் வைத்துக்கொண்டவர்களுக்கும் அது வாக்குக் கொடுப்பதில்லை, தற்காலிகமாகத்தான் வைத்திருக்கிறது. திரும்பி வந்தவர் தம் இரண்டாம் விருப்பத்துக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருப்பவரைவிட இவர் தகுதியில் மேல் என்றால், அவர் எழுந்திருக்க வேண்டும், இவர் உட்காரலாம். தட்டுவதற்கு இனி யாரும் இல்லை என்றாகும்போதுதான் எல்லா இடங்களும் உறுதியாகின்றன. முடிவைக் கடைசிவரை தள்ளிப்போடுவதுதான் இதில் உள்ள தந்திரம்.

முதல் வாசலில் தோற்றவர் இரண்டாம் வாசலுக்குத் தாமதமாகத்தான் வருகிறார். ஆனாலும் தாமதத்துக்காக அவருக்கு ஒரு இழப்பும் இல்லை. முதலிலேயே வந்திருந்தால் என்ன மரியாதையோ அதேதான். ஆகவே எட்டாத கல்லூரியை முதல் வரியில் எழுதுவதால் எந்தச் சேதமும் வராது. இந்த முறையில் மாணவர் தம் உண்மை விருப்பத்தை அப்படியே எழுதுவதைவிட எந்தச் சூழ்ச்சியும் கூடுதல் பயன் தராது என்பதையும் 1980-களின் தொடக்கத்தில் நிரூபித்துவிட்டார்கள். பொய் சொல்லி ஒன்றும் ஆகாத ஒரு ஏற்பாட்டை மனிதர்கள் உருவாக்க முடியும் என்பதைக் கொஞ்சம் நின்று வியக்கத்தான் வேண்டும். ஷாப்லிக்கு 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது, ஆல்வின் ராத்தோடு சேர்த்து. கேல் 2008-லேயே காலமாகிவிட்டார். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு, ஏறத்தாழ இதே முறையை 1950-களின் தொடக்கத்திலிருந்தே நடத்தி வந்திருக்கிறது. அதைப் பின்னாளில் கண்டு சொன்னவர் ராத். தேற்றத்துக்கு முன்பே நடைமுறை வந்துவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். 2018-க்கு முன் பொறியியல் கலந்தாய்வு என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். இரவு பஸ் பிடித்து, சான்றிதழ்ப் பையோடு வந்து, மண்டபத்தில் காத்திருந்து, தரவரிசைப்படி அழைக்கும்போது உள்ளே போய், திரையில் மீதமிருக்கும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது நாம் போவதில்லை, நம் பட்டியல் போகிறது. நம் முறை வரும்போது மென்பொருள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பொதுப் பிரிவிலோ நம் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் மீதமிருக்கும் முதல் வரியில் நிற்கிறது. மேலே உள்ள பத்து வரிகளில் இடம் இல்லாவிட்டால் அவற்றைத் தாண்டி வர அதற்கு நொடிகூட ஆகாது. அதற்காக நம் வரிசை எண் பின்னுக்குப் போவதும் இல்லை. மாறாக, நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை மேலே எழுதினால் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். கீழே எழுதிய ஆசையை அது படிக்கவே படிக்காது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். அங்கே தரவரிசையே இரண்டு: ஜே.இ.இ. மெயினுக்கு ஒன்று, அட்வான்ஸ்டுக்கு ஒன்று. முன்பு இரண்டுக்கும் தனித்தனிக் கலந்தாய்வு நடந்தது, என்.ஐ.டி.யில் இடம் வாங்கியவர் ஐ.ஐ.டி.க்குப் போய்விட, பழைய இடம் காலியாகக் கிடந்தது. 2015 முதல் ‘ஜோசா’ என்ற ஒரே சேர்க்கையில், ஒரே பட்டியலில் இரண்டையும் கலந்து எழுதலாம். பின்னணியில் ஓடுவது கேல்–ஷாப்லி முறையின் வழித்தோன்றல்தான். ஐ.ஐ.டி.களின் கணினிப் பேராசிரியர்கள் அதை நம் இட ஒதுக்கீட்டு விதிகளுக்கேற்பச் செதுக்கினார்கள்.

அப்படியானால் “கிடைக்கிறதை மேலே போடு” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது வெறும் மூடநம்பிக்கை அல்ல, அது பலிக்கும் முறைகளும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை வேறொரு முறை இருந்தது. முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு எல்லா இடங்களையும் கொடுத்து முடித்த பிறகுதான் இரண்டாம் விருப்பத்தைப் பார்ப்பார்கள், கொடுத்தது கொடுத்ததுதான். அங்கே எட்டாத பள்ளியை முதலில் எழுதித் தோற்றால், இரண்டாவதாக எழுதிய நல்ல பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசிச் சூழ்ச்சியாக எழுதினார்கள். தெரியாத ஏழைப் பெற்றோர் மனதில் இருந்ததை எழுதி ஏமாந்தார்கள். அந்த அநியாயம் தெரிந்த பிறகுதான் நகரம் கேல்–ஷாப்லி முறைக்கு மாறியது. ஆக, பட்டியலை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு முன், அதைப் படிக்கப் போகும் விதி என்ன என்ற கேள்வி வருகிறது.

ஒரே பட்டியலில் எல்லாம் முடியும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு வெளியே போனால் விதி மாறுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தனியார் பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டுக் கல்லூரிகள் என ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், சிலவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க முடியாது. இங்கேதான் எட்டாதது, எட்டக்கூடியது, உறுதியானது என்று கலந்து எழுதும் சமநிலை தேவைப்படுகிறது. இதற்கும் கணக்கு உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் மகளுக்கு ‘அ’ கல்லூரி மீதுள்ள ஆசைக்கு 100 மதிப்பெண், கிடைக்கும் வாய்ப்பு 20 சதவீதம். ‘ஆ’ கல்லூரிக்கு 70, வாய்ப்பு 50 சதவீதம். ‘இ’ கல்லூரிக்கு 40, ஆனால் உறுதி. ஒன்றுக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கப் பணம் இருக்கிறது என்றால் ‘இ’தான் சரி: 100-இல் 20 சதவீதம் 20, 70-இல் பாதி 35, ‘இ’க்கு முழு 40. மூன்றுக்கும் விண்ணப்பித்தால் எதிர்பார்ப்பு 64 ஆகிறது. இப்போது நான்காவதாக ஒன்று. மதிப்பு 38 உள்ள இன்னொரு உறுதியான கல்லூரியைச் சேர்த்தால் கூடுவது பூஜ்யம். ‘இ’ கையில் இருக்கும்போது அது எதற்கு? ‘அ’வைப் போல எட்டாத இன்னொன்றைச் சேர்த்தாலோ 71.2 ஆகிறது. உறுதியான கல்லூரி ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். மீதிப் பணத்தை மேல்நோக்கிச் செலவிட வேண்டும். ஹெக்டர் சேட், லோன்ஸ் ஸ்மித் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் இதைப் பொதுவிதியாகவே நிறுவினார்கள். பயந்த பெற்றோர் செய்வது இதற்கு நேர் எதிர்: பயத்துக்கு மருந்தாக ஐந்து உறுதியான கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்குகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 20 சதவீத வாய்ப்புள்ள ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம் என்று கணக்கு சொல்லும். ஐந்தும் தனித்தனியாக முடிவெடுத்தால்தான் அது உண்மை. ஐந்துமே ஒரே ஜே.இ.இ. மதிப்பெண்ணைப் பார்ப்பவை என்றால், அன்று காய்ச்சலோடு எழுதிய ஒரு தேர்வு ஐந்து கதவுகளையும் சேர்த்தே மூடிவிடும். எண்ணிக்கையில் ஐந்து, வாய்ப்பில் ஏறத்தாழ ஒன்று. வெவ்வேறு தேர்வு, வெவ்வேறு அளவுகோல் உள்ள கல்லூரிகளைக் கலந்தால்தான் பலம். போன ஆண்டின் கட் ஆஃபை வைத்து வாய்ப்பைக் கணிப்பதிலும் கவனம் வேண்டும். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறும், கட் ஆஃபும் கூடவே ஏறும். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவது நம்பகமானது, அதிலும் நம் பிரிவுக்குள் உள்ள எண்ணை.

பணம் என்பது இந்தப் பட்டியலில் வரிசைப்படுத்தும் பொருள் அல்ல, வடிகட்டும் பொருள். சேர முடியாத கல்லூரியை எழுதினால் மென்பொருள் அங்கே நின்றுவிடும். கட்ட முடியாத இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த கட்டக்கூடிய இடத்தை வேறு யாருக்கோ தந்துவிடும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கூட்டல்: கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம். கலந்தாய்வில் வரும் இடத்துக்கும் அதே கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் கட்டணம் வேறு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கல்விக் கடன் என்றால் மாதத் தவணையாக மாற்றிப் பாருங்கள்: 6 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 7,900 ரூபாய், மொத்தம் திருப்பிக் கட்டுவது ஒன்பதரை லட்சம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இந்தக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டாமல் மறைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். பதினேழு வயதுக்கு இது புரியும். கடனைக் கட்டப் போவதும் அந்தப் பிள்ளைதான்.

வடிகட்டியபின் வரிசை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றும். அதில் ஒரு பழைய ஆபத்து உண்டு. அப்பா கோவை, திருச்சி, மதுரை என்று வரிசை சொல்கிறார். அம்மா திருச்சி, மதுரை, கோவை என்கிறார். மகள் மதுரை, கோவை, திருச்சி என்கிறாள். இரண்டிரண்டாக எடுத்து ஓட்டுப் போட்டால் கோவை திருச்சியை வெல்லும், திருச்சி மதுரையை வெல்லும், மதுரை கோவையை வெல்லும். மூவரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு மட்டும் முடிவே இல்லை. பிரெஞ்சு அறிஞர் கோந்தர்சே 1785-இல் கண்ட முரண் இது. மணிக்கணக்கில் பேசியும் பேச்சு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பதற்கு யாருடைய பிடிவாதமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

என் கருத்து இது: எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு, அதுவும் பணம், பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டும். மிச்சமிருப்பதை வரிசைப்படுத்தும் உரிமை முழுக்கப் பிள்ளைக்கு. “இந்த இரண்டு இடமும் உன் கையில் இருந்தால் எதை வைத்துக்கொள்வாய்?” என்று இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே போனால், நூறு வரிப் பட்டியலும் ஓரிரு மாலைகளில் வரிசைக்கு வந்துவிடும். ஒவ்வொரு வரியும் கல்லூரி, பாடப்பிரிவு இரண்டும் சேர்ந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். பெரிய கல்லூரியில் பிடிக்காத பாடமா, சின்னக் கல்லூரியில் பிடித்த பாடமா என்ற கேள்விக்கு எந்தத் தேற்றமும் விடை தராது.

பட்டியலை லாக் செய்யும் முன் ஒருமுறை கல்லூரிக் குறியீட்டு எண்களைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரே பெயரில் பல பொறியியல் கல்லூரிகள் உள்ளன, மென்பொருள் படிப்பது எண்ணை மட்டுமே.