மாத்திரை தொடங்கிய முதல் நாட்கள்

மனச்சோர்வுக்கு மாத்திரை போடத் தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது. பையன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறான். உட்கார்ந்தால் கால் நிற்காமல் ஆடுகிறது. "உள்ளே என்னமோ பரபரங்குதும்மா" என்கிறான். புது மாத்திரை, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாத நேரம் இது.

2004 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றிலும் தற்கொலை எண்ணம் பற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. சிறுவர்களும் பதின்வயதினருமாக 4,400 பேருக்கு மேல் கலந்துகொண்ட 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து எடுத்தவர்களில் 100க்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 2 பேர். உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை. 2007இல் எச்சரிக்கை 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. 65 வயதைத் தாண்டியவர்களிடமோ ஆபத்து குறையவே செய்தது.

எந்த மருந்து நல்லது? அதே 2004இல் பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து நான்கு மருந்துகளை ஒப்பிட்டார்கள். மருந்துக்கு மருந்து பெரிய வித்தியாசம் இல்லை. நாள்கணக்கில்தான் வித்தியாசம்: முதல் 9 நாட்களில் ஆபத்து மிக அதிகம். ஆனால் 18 வயதுக்குக் கீழே மருந்துத் தேர்வு முக்கியம். அவர்களுக்கு பராக்ஸெடின் வேண்டாமென்று பிரிட்டன் 2003இலேயே சொல்லிவிட்டது. ஃப்ளுவாக்ஸெடினுக்குத்தான் சான்று வலுவாக இருந்தது.

பக்கவிளைவு முதல் வாரத்திலேயே தலைகாட்டும். மனம் தெளியவோ இரண்டு முதல் நான்கு வாரமாகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். அந்த இடைவெளிதான் கவலை.

அதற்காக, பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கும்போதுதான் மனசு பதறுகிறது. அமெரிக்காவில் 65,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, தற்கொலை முயற்சிகள் மிக அதிகமாக நடந்தது சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் என்று காட்டியது. மருந்து தொடங்கிய பிறகு அது படிப்படியாகக் குறைந்தது.

ஆகவே மாத்திரை அட்டை அம்மா கையில் இருக்கட்டும். முதல் வாரத்திலேயே டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று பையனிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நடுராத்திரி என்றாலும் மனநல உதவி எண்ணான 14416இல் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.