கோணல் பழம் சொன்ன சேதி

ஜனவரி மாதம், விடியற்காலை நாலரை மணி. மும்பை சயானிலிருந்து அண்ணன் காரில் கிளம்பினோம். புனே தாண்டி, வாய் ஊரைத் தாண்டி (ஆமாம், ஊர்ப் பெயரே வாய்தான்!) பசரணி மலைப்பாதையில் அண்ணன் மகள் மீனு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஒருவழியாகப் பஞ்ச்கனி. அங்கிருந்து மகாபலேஷ்வர் போகும் வழியெல்லாம் ஸ்ட்ராபெரி தோட்டங்கள். சில தோட்டங்களில் கையில் கூடையைக் கொடுத்து, “நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். கடைசியில் எடை போட்டுக் காசு.

மீனு பாய்ந்து போய் ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தாள். செடியே வேரோடு ஆடியது. தோட்டக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்து காட்டினார்: பழத்தைப் பிடிக்கக் கூடாது. காம்பை நகத்தால் கிள்ளி, லேசாகத் திருக வேண்டும். “பாளா (குழந்தே), மேல்பக்கம் வெள்ளையாக இருப்பதைத் தொடாதே” என்றார் மராத்தியில்.

“வீட்டுக்குப் போய் அரிசி டிரம்மில் போட்டால் பழுத்துடாதா, சித்தப்பா?” என்றாள் மீனு. நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் சிக்கூவை, அதாவது சப்போட்டாவை, அப்படித்தான் பழுக்க வைப்போம். நம் மும்பைக்கு வடக்கே டஹாணு, கோல்வட் பக்கம் விளையும் சிக்கூவைக் காயாகத்தான் பறிப்பார்கள். பறித்த பிறகும் அது எத்திலீன் என்ற வாயுவை நிறைய உண்டாக்கித் தானே கனியும். மாம்பழமும் வாழையும் இதே கூட்டம். ஸ்ட்ராபெரி வேறு ரகம். அதன் இனிப்பு இலையிலிருந்து காம்பு வழியாக வந்துகொண்டே இருக்கும். கிள்ளினால் வரத்து நின்றுவிடும். பிறகு நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. டிரம்மில் போட்டால் அழுகும், அவ்வளவுதான்.

எந்த மாதம் மகாபலேஷ்வர் போகலாம்? ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மலை அது. மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் மேட்டுப்பாத்தி கட்டி நாற்று நடுவார்கள். அந்த நாற்று விதையிலிருந்து வருவதில்லை. தாய்ச்செடி தரையில் ஓடவிடும் கொடியிலிருந்து வேர்விட்டு வருவது. நவம்பர் கடைசியில் முதல் பழம். ஏப்ரல் வெயிலில் பருவம் முடிந்துவிடும். அப்புறம் போனால் மலையை வேடிக்கை பார்க்கலாம்.

மீனுவின் கூடையில் ஒரு பழம் ஒருபக்கம் புடைத்து, மறுபக்கம் ஒடுங்கி, முகம் சுளித்ததுபோல் இருந்தது. தூக்கிப் போடப் போனாள். தடுத்துவிட்டேன். எனக்கு அந்தக் கூடையிலேயே பிடித்த பழம் அதுதான்.

ஸ்ட்ராபெரியின் மேல் எள் போல ஒட்டியிருக்கிறதே, அதை விதை என்கிறோம். உண்மையில் அந்த ஒவ்வொரு எள்ளும் ஒரு தனிப் பழம். விதை அதற்குள்ளே இருக்கிறது. நாம் ருசித்துத் தின்னும் சிவப்புச் சதை, பூவின் அடிப்பாகம் உப்பியது. உப்பச் சொல்வது யார்? அந்த எள்கள்தான்! ழான் நிட்ச் என்ற தாவரவியலாளர் 1950-இல் இதைச் சோதனையாகவே வெளியிட்டார். பிஞ்சிலிருந்து எள்களைப் பிடுங்கினார், சதை வளரவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அதைச் சுற்றி மட்டும் சதை புடைத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைப் பூசினார். எள் இல்லாமலே பழம் வளர்ந்தது. எள்கள் அனுப்பும் சேதி அந்த ஆக்சின்தான்.

பூவில் மகரந்தம் சேராத பக்கத்து எள் சேதி அனுப்பாது. அந்தப் பக்கம் ஒடுங்கிப்போகும். தேனீ சரியாக வந்து போகாத பூவில் அப்படி நடக்கும். பனியோ பூச்சியோ பூவைக் கெடுத்தாலும் நடக்கும்.

சயானிலோ மாட்டுங்கா மார்க்கெட்டிலோ குளிர்காலத்தில் ஒரு பெட்டி வாங்கினால், கோணல் பழத்தை முதலில் தின்றுவிடாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒடுங்கிய பக்கத்தில் எள்கள் பொடியாக, நெருக்கிக்கொண்டு நிற்கும். புடைத்த பக்கத்தில் பெரிதாக, தள்ளித் தள்ளி நிற்கும். பார்த்து முடித்ததும் கழுவிச் சாப்பிடுங்கள். ருசியில் கோணல் இருக்காது.