ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கும் முன்...

பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகளின் நச்சரிப்பும் தொடங்கிவிடும். முன்பெல்லாம் குற்றாலத்திலோ ஒகேனக்கல்லிலோ அறை எடுத்து இரண்டு நாள் தங்கித் திரும்புவது நம் குடும்பங்களின் வழக்கம். இன்றோ கொடைக்கானல், வயநாடு எனப் பல மலைப்பகுதிகளில் நீர்நிலைகளின் அருகே கூடாரம் அமைத்து வாடகைக்கு விடுகின்றனர். விளம்பரப் படங்கள் கண்ணைக் கவரத்தான் செய்கின்றன. ஆனால், அன்பு வாசகர்களே, நள்ளிரவில் அந்த நீர் எவ்வளவு உயரும் என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

1996 ஆகஸ்டு 7 அன்று மாலை, ஸ்பெயின் நாட்டில் பியெஸ்காஸ் என்னும் ஊருக்கருகே இருந்த கூடார முகாமை மலை ஓடையொன்று வாரிச் சென்றது. 87 உயிர்கள் மாண்டன. ஓடை மலையிலிருந்து இறங்கும் வாயில், அதுவே காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணின் மீது அந்த முகாம் அமைந்திருந்தது. 2010 ஜூன் 11 அன்று விடியுமுன், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் மிசூரி ஆறு சில மணி நேரத்தில் சுமார் 4 அடியிலிருந்து 23 அடிக்கு உயர்ந்தது. கரையோர முகாமில் இருந்தோரில் 20 பேர் மடிந்தனர். இவ்விரண்டும் களவாக நடத்தப்பட்ட முகாம்கள் அல்ல. இரண்டாவது, அந்நாட்டு வனத்துறையே நடத்தியது. ஆகவே, 'அனுமதி பெற்ற இடம்தானே' என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை.

நம் பக்கத்திலும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மழை மலையுச்சியில் பெய்யும். அதன் வெள்ளம் அடிவாரத்தில் குளித்துக்கொண்டிருப்பவரைத் தாக்கும்.

எனவே, முன்பணம் கொடுக்கும் முன் கரையைப் பாருங்கள். மரக்கிளைகளில் சருகும் கந்தலும் பிளாஸ்டிக் பைகளும் எந்த உயரத்தில் சிக்கியுள்ளன? முன்பு வந்த வெள்ளம் தானே எழுதி வைத்துப்போன அளவு அது. கூடாரம் அதைவிட நன்கு மேட்டில் இருக்க வேண்டும். ஆற்றின் நடுவேயுள்ள மணல்திட்டு எத்தனை அழகாயினும் வேண்டாம். இரவில் ஆற்றைக் கடக்காமலேயே மேட்டுக்கு ஏறிச் செல்ல வழி உண்டா என்பதையும் பகலிலேயே நடந்து பாருங்கள்.

ஆற்றின் மேல்புறம் அணை இருப்பின் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில் பாறைகளின் மீது நின்றிருந்த ஐதராபாத் கல்லூரி மாணவர் 24 பேர், லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் அடித்துச் செல்லப்பட்டனர். வானத்தில் மழைக்குறி ஏதும் இருக்க வேண்டியதில்லை. மதகு திறந்தாலே போதும். நீர் எப்போது திறக்கப்படும், அறிவிப்பு எவ்வாறு வரும் என்று முகாம் நடத்துபவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுவாராயின் வேறிடம் பார்ப்பதே மேல்.

'ஓடும் ஆறுதானே ஆபத்து, ஏரி சாதுவானது' என்ற எண்ணமும் சரியன்று. வண்டல் எடுத்த குழிகள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியா. முழங்காலளவு நீரில் நிற்கும் குழந்தை அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இறங்கிவிடும். 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணையருகே குளிக்கச் சென்ற ஏழு பெண்கள் மூழ்கி இறந்த செய்தி மறக்கக்கூடியதா? மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? நீச்சலறியாத தாய் பதறிக் குதிப்பாளாயின், நனைந்த சேலையும் புர்காவும் அவளையும் கீழிழுக்கும். கயிற்றையோ மூடியிட்ட வெற்றுத் தண்ணீர்க் கேனையோ வீச வேண்டும். பிரியாணித் தேக்சாவை மறவாமல் வண்டியில் ஏற்றும் நாம் ஒரு பாகம் கயிற்றை ஏற்றுவதில்லை!

சகோதரிகளே, உங்களுக்கென்று பார்க்க வேண்டியவையும் உள. கழிப்பறை கூடாரத்திலிருந்து எவ்வளவு தொலைவு, வழியில் விளக்கு உண்டா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா, பெண்கள் குளிக்கத் தனி மறைப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட்டு, வந்த பின் இரண்டு நாளும் அல்லற்படுவோர் பலர். சுபுஹு வேளையில் ஒளுச் செய்யப் பிள்ளைகளை இருட்டில் ஆற்றங்கரைக்கு அனுப்பாதீர்கள். வாளிகளில் நீரை முதல் நாள் மாலையே நிரப்பிக் கூடாரத்தருகே வைத்துவிட்டால் வயதான உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அதுவே வசதி.

காட்டையொட்டிய நீர்நிலையாயின், அது விலங்குகள் தாகந்தீர்க்க வரும் இடமுமாகும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியருகே கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். யானைத் தடம் உள்ள பகுதிகளில் கூடாரத்தை விடுத்து, சுவரும் கதவும் உள்ள அறையையே கேளுங்கள்.

குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பைக் கூடாரத்தினுள் வைப்போரும் உண்டு. மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோரை எழவே விடாது. அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே கூடுதலாக இரண்டு கம்பளி போதும்.