கைவினையின் விலை

மட்பாண்டத்தின் தொன்மையைப் பேசாத தமிழாசிரியர் அரியர். ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் நம் நாட்டுப் பொம்பரிப்புத் தாழிகளையும் வகுப்பிலே வியந்து விளக்குகின்றோம். ஆயின், சந்தையிலே ஒரு சட்டியின் விலையைக் கேட்டதும், “மண்தானே!” என்று பாதி விலைக்குக் கேட்போரும் நம்மிற் பலர்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார், பட்டப்படிப்பை முடித்தவர். “ஐயா, அப்பா வனையும் பாண்டங்களை நானே விற்கச் சிறு கடை ஒன்று தொடங்கலாமா?” என்று கேட்டார். தந்தையாருக்குப் பின் அச்சக்கரத்தைச் சுழற்ற அவரையன்றி அக்குடும்பத்தில் எவருமில்லை. உத்தியோகம் கிடைத்தால் அவர் வெளியூர் போய்விடுவார், சக்கரமும் நின்றுவிடும். ஆதலின் வெறும் வாழ்த்துக் கூறி அனுப்ப மனம் இடந்தரவில்லை. இருவரும் கணக்கெழுத அமர்ந்தோம்.

களிமண், மணல், விறகு, வண்டிக்கூலி, வனைவோரின் நாட்கூலி யாவுஞ் சேர்ந்து 100 சட்டிக்கு 8,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டியின் அடக்கவிலை 80 ரூபா என்றே எவருஞ் சொல்வர். ஆனால், மண் நிழலிலே மெல்ல உலராவிடின் வெடிக்கும். ஈரம் முற்றும் நீங்காத பாண்டம் சூளையிலே நீராவியாற் சிதறும். இவ்வாறு 20 சட்டி பழுதானால், எஞ்சிய 80 சட்டிகளே முழுச் செலவையும் தாங்கவேண்டும். உண்மையான அடக்கவிலை 100 ரூபா. 90 ரூபாவுக்கு வியாபாரியிடம் கொடுப்பவர் 10 ரூபா இலாபம் என எண்ணுவார். அவருக்கு விளைவதோ 800 ரூபா நட்டம். அவர் தம் கூலியைக் கணக்கிற் சேர்ப்பதில்லையாதலின் அந்நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாரியிலே உலர்த்த வெயிலின்றிச் சக்கரம் ஓயும் நாட்களிலும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமன்றோ!

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1920 இல் பேணாட் லீச் என்ற ஆங்கிலேயர், யப்பானியரான ஹமாடா சோஜியுடன் சேர்ந்து, இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலுள்ள சென் ஐவ்ஸ் என்னும் கரையோர ஊரிலே சிறு பட்டறையொன்றைத் தொடங்கினார். யப்பானிய முறையிலே அடுக்கடுக்காய் மேலேறும் சூளையுங் கட்டினர். கலையறிந்தோர் மெச்சினர், ஆயினும் பட்டறை பல ஆண்டுகள் பணமுடையிலேயே நடந்தது. 1930களில் லீச்சின் மைந்தர் டேவிட், மட்பாண்டத் தொழிற்சாலைகள் மலிந்த ஸ்ரோக் நகரிலே தொழில்நுட்பம் பயின்று மீண்டார். விறகுச் சூளை எண்ணெய்ச் சூளையாயிற்று. 1940களில் கோப்பை, கிண்ணம், குவளை முதலாய அன்றாடப் பாவனைப் பொருட்களைக் குறித்த அளவுகளிற் கையால் வனைந்து, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றனர். பட்டறை நிலைபெற்றது.

நம் நாட்டிலே அத்தகைய அன்றாடப் பாண்டம் யாது? தயிர்ச் சட்டி என்பேன். மட்டக்களப்பு எருமைத் தயிர் சட்டியோடு சேர்ந்தே பெயர்பெற்றது. மண்ணின் நுண்டுளைகள் தயிரின் நீரை உறிஞ்சி அதனை இறுகச் செய்கின்றன. பிளாஸ்ரிக் கோப்பை இவ்வேலையைச் செய்யாது. ஆதலின், முதலிலே தயிர் விற்போருடன் மாதந்தோறும் இத்தனை சட்டியென்று பேசி முடிக்குமாறு மாணவருக்குக் கூறினேன். பொங்கற் பானையும் விளக்கீட்டுச் சிட்டியும் அவ்வப் பருவத்து வருவாய். அவற்றை நம்பிப் பன்னிரு மாத வாடகை கட்டவியலாது. பூச்சாடியும் அலங்காரப் பொருளும் அதன் பின்னரே.

கைவினையை ஆதரிப்போம் என்ற இரக்கக் குரலிலே கடை நடத்தவேண்டாம் என்றுஞ் சொன்னேன். இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். வீட்டுக்குத் தேவையென்று வாங்குபவர் சட்டி உடைந்ததும் மீண்டும் வருவார்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிலே ஒரு பங்குண்டு. தாழியைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில், அவ்வூரில் வனைவோர் ஒருவரைப் பாடசாலைக்கு அழைத்து, மாணவர் முன் சக்கரம் சுழற்றச் செய்யலாம். புறப்படும்போது பொன்னாடையோடு அந்நாளின் கூலியையும் எண்ணிக் கொடுத்தனுப்புவோமாக.